மிலான் பியான்கா மரியா படம்: நிச்சயதார்த்தப் படம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

#1 ஏடுதேடி

வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் பியான்கா மரியா ஸ்ஃபோர்ஸாவின் பக்கவாட்டு உருவப்படத்தை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். அம்ப்ரோஜியோ தெ ப்ரெதிஸ் வரைந்தது. பலகையில் எண்ணெய் வண்ணம், உயரம் 51 செ.மீ., அகலம் 32.5 செ.மீ. காலம் 1493 ஆக இருக்கலாம் என்று கூடமே குறித்திருக்கிறது.

15-ம் நூற்றாண்டு இத்தாலியப் பெண் ஒருத்தி பக்கவாட்டில் திரும்பி நின்றாலே இணையத்தில் "நிச்சயதார்த்தப் படம்" என்று ஒட்டிவிடுகிறார்கள். பாதிக்கு மேல் ஆதாரம் கிடையாது. ஆனால் இந்தப் படத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்பது என் கட்சி. முகத்தில் தெரிகிற வெட்கத்தை வைத்துச் சொல்லவில்லை. பேரம் எப்போது, யாருக்கும் யாருக்கும் நடந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது, அதனால்.

1493 நிலவரம் இது. லுதோவிக்கோ ஸ்ஃபோர்ஸா தன் அண்ணன் மகன் ஜியான் கலெயாட்சோவின் பெயரில் மிலானை ஆள்கிறார். ஆட்சி அவர் கையில், பட்டம் அவரிடம் இல்லை. அதைச் சட்டப்படி தரக்கூடியவர் ஜெர்மானியப் பேரரசின் தலைவர் மட்டுமே. அந்த இடத்துக்கு ஆகஸ்ட் மாதம் அப்பா மூன்றாம் ஃப்ரெடரிக் இறந்ததும் மாக்ஸிமிலியன் வந்து உட்கார்கிறார். மனைவியை 1482-லேயே இழந்தவர், எப்போதும் பணமுடை. பேரம் படிந்தது: லுதோவிக்கோவின் அண்ணன் மகள் பியான்காவோடு 4,00,000 டுகாட் சீதனம், பதிலுக்கு டியூக் பட்டம். ஒரு டுகாட் ஏறக்குறைய மூன்றரை கிராம் பொன். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 1,400 கிலோ வருகிறது.

பெண்ணுக்கு 21 வயது. இது மூன்றாவது சம்பந்தம். இரண்டு வயதில் சவோய் டியூக் ஃபிலிபெர்ட்டுக்கு என்று பேசினார்கள், அவர் 1482-ல் இறந்தார். அடுத்து ஹங்கேரி அரசர் மத்தியாஸின் மகன் யானோஷ், அதுவும் முறிந்தது. 1493 நவம்பர் 30 அன்று மிலானில் மாப்பிள்ளைக்குப் பதிலாள் வைத்துத் திருமணம் நடந்தது. மாக்ஸிமிலியன் வரவே இல்லை. இருவரும் சேர்ந்தது 1494 மார்ச்சில், டிரோலில்.


#2 முத்துச்சரம்

நகையை மேலிருந்து கீழே படிச்சுட்டு வருவோம், ஏடுதேடி சொன்னதுக்கு அது துணை நிக்கும்.

நெத்தியைச் சுத்திப் போற மெல்லிய பட்டை லென்ஸா. பின்தலையை மூடுற வலைக்குல்லா த்ரின்ஸாலே. அதுலேருந்து முதுகுல இறங்குற, துணி சுத்தி நாடா கட்டின ஒத்தைப் பின்னல் கோவாட்சோனே. இந்த மூணும் சேர்ந்த அலங்காரம் மிலான் அரண்மனைக்கு ஸ்பானிய வழக்கத்துலேருந்து வந்தது. 1489-ல நேப்பிள்ஸ் இஸபெல்லா, 1491-ல பெயாத்ரிச்சே தெஸ்தே, ரெண்டு பேரும் மருமகளா வந்த காலத்துல அங்க இதுதான் நடப்பு.

முக்கியமான பொருள் தலையணியில இருக்கிற பெரிய பதக்கம். அதுல இருக்கிறது துணி துடைக்கிற பிரஷ், ஸ்ஃபோர்ஸாக்களோட குடும்பச் சின்னங்கள்ல ஒண்ணு. கூடவே "மெரிதோ எத் தெம்போரே"னு வாசகம், தகுதியாலும் காலத்தாலும்னு அர்த்தம். இடுப்புக் கச்சையில கார்னேஷன் பூ செருகியிருக்கு. அது நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் அந்தக் காலத்துல வழக்கமான அடையாளம்.

பூவை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க. கார்னேஷன் மாதா படங்கள்லயும் வரும், அங்க அது கிறிஸ்துவோட பாடுகளைக் குறிக்கும். ஆம்பளைங்க கையில பூ பிடிச்சிருக்கிற படங்களும் நிறைய இருக்கு. நான் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: யாரோட சின்னம் யாரோட உடம்புல இருக்கு?

இந்தப் படத்துல பிறந்த வீட்டுச் சின்னம் பொண்ணு தலையில. அப்படின்னா பொண்ணு வீடு தன் சரக்கைக் காட்டுது, "எங்க வீட்டுலேருந்து வர்றவ"ன்னு. படம் வெளியே போறதுக்காக, இல்ல போனதோட நினைவா எழுதினதுன்னு எடுத்துக்கலாம். ஃப்ளாரன்ஸ் படங்கள்ல இது அப்படியே தலைகீழ். அங்க தோள்ல ஒரு பதக்கம், தலையில ஒரு பதக்கம், ரெண்டும் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டுப் பரிசம். பொண்ணு அந்த வீட்டு நகையைப் போட்டுக்கிட்டு நிக்குற படம் அந்த வீட்டுச் சுவருக்காக எழுதினது.


#3 செம்மண்

அப்போ ஃப்ளாரன்ஸின் ஜியோவன்னா தோர்னபுவோனி படம்? கிர்லாந்தாயோ வரைந்தது. எல்லாப் பக்கத்திலும் கல்யாணப் படம் என்றே இருக்கிறது.


#4 ஏடுதேடி

அதுதான் நான் சொன்ன பாதியில் முதல் உதாரணம். ஜியோவன்னா லொரென்ஸோ தோர்னபுவோனியை மணந்தது 1486-ல். இறந்தது 1488 அக்டோபரில், இரண்டாவது கர்ப்பத்தின்போது. படத்தில் அவருக்குப் பின்னால் ஒட்டிய மாதிரி வரைந்திருக்கும் காகிதத் துண்டில் லத்தீன் வரிகளுக்குக் கீழே 1488 என்ற ஆண்டு ரோமன் எண்ணில் இருக்கிறது. வரைந்து முடித்தது 1489-90 வாக்கில் என்று மாட்ரிட் தைஸன் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. ஆக, இறந்த மனைவிக்குக் கணவன் வீடு எழுப்பிய நினைவுப் படம்.

முத்துச்சரத்தின் சோதனை இங்கே ஒத்துப்போகிறது. உடையில் லொரென்ஸோவின் முதலெழுத்தும் தோர்னபுவோனி வீட்டுச் சின்னமும் நெய்யப்பட்டிருக்கின்றன. பிறந்த வீடான அல்பிட்சி குடும்பத்துக்குப் படத்தில் இடமே இல்லை. பின்னால் மாடத்தில் ஜெபப் புத்தகமும் தொங்கும் பவள மணிமாலையும் இருப்பதைப் பார்த்தாலே மணப்பெண் படத்துக்கான பொருள்கள் இல்லை என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும்.


#5 முத்துச்சரம்

ஃப்ளாரன்ஸ் உதாரணத்துக்கு அதைவிட நல்லது ஃபிலிப்போ லிப்பியோட படம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ல இருக்கு, 1440 வாக்கு, 64.1 x 41.9 செ.மீ., மரத்துல முட்டை டெம்பரா (முட்டைக் கருவுல குழைச்ச வண்ணம்). பொண்ணு உள்ளே, ஆண் சன்னல் வழியா எட்டிப் பார்க்கிறான். அவன் கைக்குக் கீழே இருக்கிற கேடயம் ஸ்கொலாரி குடும்பத்தோடது. அவ சட்டைக்கை ஓரத்துல முத்தும் பொன் நூலுமா "லெயால்தா"ன்னு எழுத்து, விசுவாசம்னு பொருள். ஆஞ்ஜியோலா சபீத்தியும் லொரென்ஸோ ஸ்கொலாரியும்னு அடையாளம் சொல்றாங்க.

அந்தத் துணியையும் நகையையும் பெரிசாக்கிப் பாருங்க. ரோம உள்விளிம்பு, தங்கச் சரிகை, விரல் விரலா மோதிரம். ஃப்ளாரன்ஸ்ல ஆடம்பரத் தடைச்சட்டம் இருந்ததால கல்யாணமான புதுசுல மட்டுமே இவ்வளவு போட்டுக்க விடுவாங்க. சில வருஷம் கழிச்சு மாப்பிள்ளை அதையெல்லாம் திருப்பி வாங்கி அடகு வைக்கிறதோ விக்கிறதோ சாதாரணம். படத்துல மட்டும் நகை கழலாது.


#6 கரிக்கோடு

சின்னச் சோதனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நகையே இல்லாத படத்தை என்ன செய்வீர்கள்? ஹோல்பைனின் டென்மார்க் கிறிஸ்டினா, லண்டன் நேஷனல் கேலரி, 1538. முழு உருவம், 179 செ.மீ. உயரம். கறுப்பு உடை, ஒரே ஒரு சிவப்புக்கல் மோதிரம். கல்யாணப் பேச்சுக்காகவே எழுதப்பட்டது என்பதில் இந்தப் படத்தைவிட உறுதியானது வேறொன்று கிடையாது.


#7 ஏடுதேடி

கரிக்கோடு சொல்வது சரி, அதனால்தான் வகை பிரிக்க வேண்டும். கிறிஸ்டினா படம் பெண் பார்க்கும் படம். நிச்சயத்துக்கு முந்தையது. எட்டாம் ஹென்றி ஆளை அனுப்புகிறார், ஹோல்பைன் 1538 மார்ச் 12 அன்று பிரஸ்ஸல்ஸில் மூன்று மணி நேரம் மட்டும் கிறிஸ்டினாவை உட்காரவைத்து வரைகிறார். மார்ச் 18-க்குள் கோட்டோவியம் லண்டனில் ராஜா கையில். பலகைப் படம் அதிலிருந்து பிறகு எழுதியது. கறுப்பு உடைக்குக் காரணம் பெண் 16 வயது விதவை. இறந்த கணவர் மிலான் டியூக் ஃப்ரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா, நம் லுதோவிக்கோவின் மகன்தான். சம்பந்தம் நடக்கவில்லை. 1541-ல் லொரெய்ன் டியூக் வீட்டுக்கு மருமகளாகப் போனார்.

இந்த வகையில் பணம் கொடுப்பவர் மாப்பிள்ளை. அவருக்குத் தெரிய வேண்டியது முகம், உயரம், கை, உடம்பு. அதனால்தான் நேர்முகம், முழு உருவம். நகைக்கு அங்கே வேலை இல்லை. அடுத்த ஆண்டு ஹென்றிக்குப் பெண் பார்க்க க்ளீவ்ஸ் இளவரசி ஆன் என்பவரை வரைந்தபோது ஹோல்பைன் தோல்தாளில் வரைந்தார். எடுத்துப்போக வசதி. பின்னால் அது துணியில் ஒட்டப்பட்டது. லூவரில் இருக்கிறது.

பியான்கா படத்தில் நிலைமை வேறு. பேரத்தை முடிவு செய்தவை பட்டமும் பணமும். முகம் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. எனவே நாணயத்தில் பொறிக்கிற மாதிரி பக்கவாட்டு முகமும் சின்னமும் போதுமானவை. அம்ப்ரோஜியோ பின்னால் மாக்ஸிமிலியனுக்கு நாணய அச்சு வேலையும் பார்த்தவர். அந்தக் கை பழக்கம் இந்தப் படத்தின் கோட்டிலும் தெரிகிறது என்பேன். மாக்ஸிமிலியனையும் அவர் அதே மாதிரி பக்கவாட்டில் 1502-ல் வரைந்து கையெழுத்திட்டிருக்கிறார், வியன்னாவில் பார்க்கலாம்.


#8 கரிக்கோடு

வகை பிரித்தது ஏற்கத்தக்கது. இன்னொரு எச்சரிக்கை: திரும்பியிருக்கும் திசை. ஜோடிப் படங்களில் ஆண் பார்ப்பவரின் இடப்பக்கம், பெண் வலப்பக்கம் என்பது குடும்பச் சின்னக் கேடயங்களை அடுக்கும் மரபிலிருந்து வந்த வழக்கம். அதனால் இடப்புறம் பார்க்கும் பெண் தனியாக நின்றால் "இதற்கு ஒரு மாப்பிள்ளைப் பலகை இருந்திருக்கும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். பியெரோ தெல்லா ஃப்ரான்செஸ்கா வரைந்த ஊர்பினோ ஜோடிப் படத்தில் இது மாறி நிற்கிறது. ஊர்பினோவை ஆண்ட ஃபெதெரிகோ வலது கண்ணை இழந்தவர், இடது பக்கத்தைத்தான் காட்ட முடியும், எனவே மனைவி பத்திஸ்தா இடப்பலகைக்குப் போகிறார். அவரும் 1472-ல் இறந்தபின் வரையப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சிகையலங்காரத்தை வைத்துக் காலம் சொல்வதிலும் இதே ஆபத்து. தோல்தாளில் சுண்ணக்கட்டியும் மசியும் கொண்டு வரைந்த ஒரு மிலான் பெண் படம், கோவாட்சோனே பின்னலோடு, 1998-ல் நியூயார்க் ஏலத்தில் 19-ம் நூற்றாண்டு ஜெர்மானிய வேலை என்று 21,850 டாலருக்குப் போனது. பிறகு லியோனார்தோ என்றார்கள், இல்லை என்றார்கள், சண்டை ஓயவில்லை. பின்னலை யாரும் எந்த நூற்றாண்டிலும் வரையலாம்.


#9 செம்மண்

பியான்கா படத்தை அதே அளவில் பயிற்சிப் பிரதியாகப் போட யோசனை. 12 மி.மீ. பிளைவுட், கடையில் விற்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு), மேலே எண்ணெய் வண்ணம். போதுமா? டெம்பராவில் அடிவேலை செய்து மேலே எண்ணெய் போட்டால் என்ன?


#10 பலகைத்தச்சன்

எண்ணெய் மட்டும் என்றால் அக்ரிலிக் ஜெஸ்ஸோ தாங்கும். டெம்பரா அடிவேலை வேண்டுமானால் வேண்டாம். முட்டை வண்ணம் பிடிக்க உறிஞ்சும் பரப்பு வேண்டும், அக்ரிலிக் படலம் பிளாஸ்டிக் மாதிரி, காய்ந்தபின் நகத்தால் சுரண்டினால் வண்ணம் உரிந்து வரும். வச்சிரப் பசையும் ஜிப்சமும் கலந்த பழைய பூச்சுதான் வழி.

பலகை: இத்தாலியர் பயன்படுத்தியது பாப்லர். மென்மை, பூச்சி அரிக்கும், வளையும், ஆனால் அங்கே அகலமாகவும் மலிவாகவும் கிடைத்தது. முன்பக்கம் மட்டும் பூசிய பழைய பலகைகள் வண்ணப்பக்கம் மேடாக வளைந்திருப்பதைப் பார்க்கலாம். பின்பக்கம் காற்றின் ஈரத்தை வாங்கி வாங்கி விடுகிறது, முன்பக்கம் மூடியிருக்கிறது, பல ஆண்டுகளில் பின்பக்கம் சுருங்கி நின்றுவிடுகிறது. 19-ம் நூற்றாண்டில் அதை நிமிர்த்த என்று பின்னால் கட்டைச் சட்டம் அடித்தார்கள். மரம் அசைய வழியில்லாமல் வெடித்தது. பிளைவுட் அப்படி வளையாது, ஆனாலும் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் பூசிவிடுங்கள்.

பசை: 30 கிராம் வச்சிரம், 360 மி.லி. தண்ணீர். இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள், 60 டிகிரி தாண்ட வேண்டாம். கொதித்தால் ஒட்டும் வலு போய்விடும். முதலில் இதை மட்டும் பலகையில் ஒரு கை தடவிக் காயவிடுங்கள். மீதியில் ஜிப்சத்தைச் சல்லடையில் சலித்து மெதுவாகத் தூவுங்கள். தூள் தண்ணீர் மட்டத்தைத் தொட்டு லேசாகக் குவியும்போது நிறுத்த வேண்டும். கலக்கும்போது நுரை வரக்கூடாது, அந்தக் குமிழிதான் காய்ந்தபின் ஊசித்துளை. முதல் கையை விரலாலேயே தேய்த்து ஏற்றுங்கள், குமிழி உடையும்.

கடையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை வாங்கி அப்படியே கொட்டினால் வாளியிலேயே இறுகிவிடும். பழைய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி தன் கையேட்டில் சொல்வது, அதை நிறையத் தண்ணீரில் ஒரு மாதம் ஊறவைத்துத் தினமும் கிளற வேண்டும் என்று. அப்போதுதான் இறுகும் குணம் செத்து, பட்டு மாதிரி மெல்லிய சாந்து கிடைக்கும். பொறுமை இல்லை என்றால் நேரடியாக இறுகாத ஜிப்சம் அல்லது சுண்ணக்கட்டித் தூள் (சாக்) வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டுக் கை. ஒரு கை குறுக்கே, அடுத்தது நெடுக்கே. முந்தைய கையின் ஈரப் பளபளப்பு மறைந்ததும் அடுத்தது, முழுக்கக் காயவிட வேண்டாம். இந்த அளவுக்கு ஒரு பக்கத்துக்கு 200 மி.லி. கலவை போதும். மேலே போகப்போகப் பசையின் கெட்டி கூடவே கூடாது. கீழே மெலிந்த கை, மேலே கெட்டியான கை என்று வந்தால் மேல்படலம் சுருங்கி இழுத்து வலைபோல் வெடிக்கும். அடுப்பில் வைத்திருக்கும்போது தண்ணீர் ஆவியாகிக் கெட்டி தானாகவே கூடும், அதனால் இடையிடையே ஒரு கரண்டி வெந்நீர். நம் ஊர் வெயிலில் பசை ஒரே நாளில் நாறும், மீதியை ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபேனுக்கு நேரே காயவைத்தாலும் வெடிக்கும்.


#11 செம்மண்

முட்டை எத்தனை? மஞ்சளா வெள்ளையா?


#12 பலகைத்தச்சன்

மஞ்சள் மட்டும். உள்ளங்கையில் உருட்டி வெள்ளையைத் துடைத்துவிட்டு, சவ்வை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் குத்துங்கள், கரு வழியும், சவ்வு கையில் நிற்கும். தண்ணீரில் அரைத்த வண்ணக் குழம்பும் கருவும் சம அளவு, வேண்டிய அளவுக்குத் தண்ணீர்த் துளி. கரு கூடினால் வழவழ என்று மினுங்கும், குறைந்தால் காய்ந்தபின் விரலில் பொடி ஒட்டும். கண்ணாடியில் ஒரு கோடு இழுத்து, காய்ந்ததும் பிளேடால் சீவிப் பாருங்கள். தோல்போல் சுருண்டு வந்தால் சரி.

சென்னினி இளம் முகத்துக்கு நகரத்துக் கோழி முட்டை என்றார், அதன் கரு வெளிறியிருக்கும். வயதான, கறுத்த முகத்துக்கு நாட்டுப்புறக் கோழி. இன்றும் செல்லுபடியாகும் யோசனைதான்.

பியான்கா பிரதிக்கு டெம்பரா கட்டாயமில்லை. 1490-களில் மிலானில் எண்ணெய் நன்றாகப் பரவிவிட்டது. நேராக எண்ணெய் என்றால் ஜெஸ்ஸோ மேல் மெலிந்த பசை ஒரு கை, அல்லது எண்ணெயில் கரைத்த வெள்ளை ஒரு மெல்லிய கை கொடுங்கள். விட்டால் பூச்சு எண்ணெயைக் குடித்து வண்ணம் திட்டுத்திட்டாக மங்கும். அதற்குப் பயந்து எண்ணெயை அள்ளி ஊற்றவும் கூடாது. லியோனார்தோவின் ஜினெவ்ரா தெ பெஞ்சி படத்தில் மேற்பரப்பு சில இடங்களில் சுருங்கிக் கிடக்கிறது. எண்ணெய் மிகுந்து, மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே பின்னால் காய்ந்ததன் விளைவு. அவர் அப்போது எண்ணெய் பழகிக்கொண்டிருந்தார்.

கோட்டோவியத்தைப் பலகைக்கு மாற்ற, காகிதத்தில் வரைந்து கோட்டின் மேல் 2 மி.மீ. இடைவெளியில் ஊசியால் குத்தி, கரித்தூள் துணிமூட்டையால் தட்டுங்கள். நெற்றி, மூக்கு, உதடு, தாடை வரும் இடத்தில் இன்னும் நெருக்கமாக. பக்கவாட்டுப் படத்தில் ஒரு மி.மீ. பிசகினால் ஆளே மாறிவிடும். இருண்ட பின்னணியை முதலில் போட்டு, கோட்டுக்குள் அரை மி.மீ. நுழையவிடுங்கள். காய்ந்தபின் முகத்தின் சதை நிறத்தை அதன் மேல் கொண்டுவந்து கோட்டை வெட்டுங்கள். மாற்றிச் செய்தால் முகத்தைச் சுற்றி வெளிறிய விளிம்பு நிற்கும்.


#13 முத்துச்சரம்

முத்தைப் பத்தி நான் சேர்த்துடறேன், பிரதி போடுறவங்க இங்கதான் கோட்டை விடுறாங்க. வெள்ளைப் பொட்டு வச்சு அதுக்கு மேல நிழல் போட்டா முத்து வராது, சுண்ணாம்பு உருண்டை வரும். முதல்ல நடுத்தரச் சாம்பல்ல வட்டம், ஓரம் மென்மையா. வெளிச்சம் வர்ற பக்கத்துக்கு எதிர்ல கறுப்பு கலந்த நிழல் பிறை. அந்த நிழலுக்கும் விளிம்புக்கும் நடுவுல இழை மாதிரி ஒரு பிரதிபலிப்பு, பக்கத்துத் துணி நிறத்தைத் தொட்டு. கடைசியா கெட்டியான வெள்ளை, ஊசிமுனை அளவு, ஒரே ஒரு புள்ளி. சரம் எப்படி வளைஞ்சாலும் எல்லா முத்திலும் அந்தப் புள்ளி ஒரே இடத்துல இருக்கணும். வெளிச்சம் ஒண்ணுதானே.

பொன் வேலைக்குத் தங்கத்தாள் வேண்டாம். பழுப்பு, அதுக்கு மேல ஓக்கர் (மஞ்சள் காவி), உச்சியில ஈய-தகர மஞ்சள் புள்ளிகள் மேடா நிக்கணும். அது கிடைக்கலைன்னா வெளிர் காட்மியம் மஞ்சள்ல வெள்ளையும் துளி ஓக்கரும்.

அந்தக் காலத்துல வெனிஸ் சந்தைக்கு முத்து பாரசீக வளைகுடாவுலேருந்தும் மன்னார் வளைகுடாவுலேருந்தும் போச்சு. பியான்கா தலையில இருக்கிறது எந்தக் கடல்னு யாரும் சொல்ல முடியாது, உடனே தூத்துக்குடின்னு பதிவு போட்டுடாதீங்க.


#14 பலகைத்தச்சன்

அரக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய சிவப்புச் சாய வண்ணங்களில் ஒன்று நம் அரக்கிலிருந்து எடுத்தது, மற்றவை கெர்மஸ் பூச்சி, மஞ்சிட்டி வகை வேர். இந்தச் சாயச் சிவப்புகள் வெளிச்சத்தில் வெளுக்கும். பழைய படத்தில் வெளிறிய ரோஜா நிறம் பார்த்தால் அது முதலில் ஆழ்ந்த சிவப்பாக இருந்திருக்கலாம். செம்புப் பச்சையோ பழுப்பாகிவிடும். பிரதி போடும்போது இன்றைய நிறத்தைப் போடுவதா, அன்றைய நிறத்தையா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்தால் படம் ஒட்டாது.

ஈய வெள்ளை நச்சு. தூளாக வாங்காதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். டைட்டானியம் போதும், சதை நிறத்தில் அது கொஞ்சம் குளிர்ந்து தெரியும், துளி ஓக்கர் சேருங்கள்.


#15 கரிக்கோடு

ஜினெவ்ரா பேச்சு வந்ததால் கேட்கிறேன். அதுவும் அதே வாஷிங்டன் கூடத்தில்தான். 1474 ஜனவரியில் லுயிஜி நிக்கொலீனியை மணந்தார், படம் 1474-78 என்று வைக்கிறார்கள். இதுவும் கல்யாணப் படம்தானே?


#16 ஏடுதேடி

பலகையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் நகை இல்லை, பழுப்பு உடை, பின்னால் ஜூனிபர் புதர். பின்பக்கத்தில் லாரலும் பனையோலையும் நடுவில் ஜூனிபர் கிளையும், "அழகு நற்பண்பை அலங்கரிக்கிறது" என்ற லத்தீன் வாசகமும். அகச்சிவப்புப் படத்தில் அதற்குக் கீழே வேறொரு வாசகம் தெரிந்தது: நற்பண்பும் மானமும். அது வெனிஸ் தூதர் பெர்னார்தோ பெம்போவின் வாசகம், லாரலும் பனையும் அவர் சின்னம். அவர் ஃப்ளாரன்ஸுக்கு முதலில் வந்தது 1475-ல், கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு. எனவே பின்பக்கமாவது மாப்பிள்ளைக்காக எழுதப்படவில்லை. முன்பக்கம் முன்பே வரைந்ததா என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது. பலகையின் அடிப்பாகம் அறுக்கப்பட்டிருக்கிறது, கைகள் அங்கே இருந்திருக்கலாம். மோதிரம் போட்டிருந்தாரா என்பது அதோடு போய்விட்டது.

பாப்லர் பலகை என்பதால் மரவளையம் எண்ணிக் காலம் சொல்வதும் கடினம். ஹோல்பைன் மாதிரி ஓக் என்றால் அந்த வழியாவது உண்டு.


#17 செம்மண்

கடைசிக் கேள்வி, வார்னிஷ் எப்போது?


#18 பலகைத்தச்சன்

மெல்லிய படலம் என்றால் ஆறு மாதம், முத்துப் புள்ளி மாதிரி மேடான இடங்கள் இருந்தால் ஒரு வருடம். பின்னணிக் கறுப்புதான் கடைசியாகக் காயும், எலும்புக் கறுப்பு எண்ணெயில் மந்தம். அதில் ஒரு ஓரத்தில் டர்பன்டைன் தொட்ட பஞ்சை லேசாக உருட்டுங்கள், கறுப்பு ஏறினால் இன்னும் காத்திருக்க வேண்டும்.